செயின் கழலும் தெரு

சைக்கிள் கடைத் தொழிலில் ஒரு வசதி உண்டு. எவ்வளவு பெரிய மனிதரானாலும் நம் கடைக்கு வரும்போது வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வருவார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஆரணியில், கோட்டைக்குப் போகிற வழியில் கடை போட்டேன். ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் பார்க்க ஒரு தண்ணீர்த் தொட்டி. மண்ணெண்ணெயும் கிரீஸும் கலந்த அந்த வாசனை இப்போதும் எங்காவது அடித்தால் அப்படியே நின்றுவிடுகிறேன். இதைப் படிக்கிற உங்களில் பாதிப்பேருக்காவது நடு ரோட்டில் செயின் கழன்றிருக்கும். குந்தி உட்கார்ந்து மாட்டிவிட்டு, கறுத்துப்போன விரல்களை எங்கே துடைப்பது என்று தெரியாமல் முழித்திருப்பீர்கள். நாமெல்லாம் ஒரே சாதி.

அந்தக் காலத்து வண்டிக்கு முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் ஒரு பல்சக்கரம், இரண்டையும் சேர்க்க ஒரு செயின். அது தாண்டி விழாமல் இருக்க, முன் பல்சக்கரத்தை ஒட்டிச் சிலர் வளைத்த கம்பி ஒன்று வைத்துக்கொள்வார்கள். செயின் காவல் என்று பெயர். செயின் கவர் வேறு, இது வேறு. கவர் வேட்டியைக் காப்பாற்றும், காவல் செயினைக் காப்பாற்றும். கியர் இல்லாத இந்த மாதிரி ஒற்றைப் பல்சக்கர வண்டியில் ஒழுங்காக மாட்டிய செயினுக்குக் காவல் தேவையே இல்லை என்பது என் கட்சி. பக்கத்துக் கொட்டகையில் வெல்டிங் வைத்திருந்த மஸ்தான் பாய் எதிர்க்கட்சி.

தொடாத கை

வேறு ஊரில் செயின் கழன்றால் சின்னப் பிள்ளைகூட மாட்டிக்கொண்டு போய்விடும். ஆரணியில் மட்டும், தொங்குகிற செயின் தரையில் உரச உரச, ஒன்றரை மைல் ஆனாலும் என் கடைவரை தள்ளிக்கொண்டு வருவார்கள். புதிதாகக் கடை போட்ட எனக்கு இது விளங்கவில்லை. வேலை தெரியாத ஊராக இருக்கிறதே, நமக்கு நல்ல காலம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் நெசவுக்காரர் ஒருவர் வந்தார். செயின் வெறுமனே பின் சக்கரத்திலிருந்து இறங்கியிருந்தது, அவ்வளவுதான். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறிவிடும். "இதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க? விரலால தூக்கி வெச்சா போதுமே" என்றேன். அவர் இரண்டு கைகளையும் விரித்து என் முகத்துக்கு நேராகக் காட்டினார். விரல்கள் அவ்வளவு சுத்தம்.

"தறியில எலுமிச்ச கலர் புடவ ஓடிக்கினு கீது. நான் இத்த தொட்டா இன்னைக்கி அத்த தொட முடியாது. நீ தொடு மேஸ்திரி, உனுக்குதான் ஏற்கெனவே கறுப்பாகீதே."

இறுக்கிக் கட்டிய தேவராஜ்

செயின் ரொம்பத் தளர்ந்தாலும் தப்பு, ரொம்ப இறுகினாலும் தப்பு. நடுவில் விரலால் அழுத்தினால் கொஞ்சம் இறங்கிக் கொடுக்க வேண்டும். இதைப் பட்டு நெய்கிறவர்களிடம் சொல்லிப் புரியவைக்க என்னால் கடைசிவரை முடியவில்லை. தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு எப்போதும் விறைப்பாக நிற்க வேண்டும் என்று பழகிய கைகள் அவை. எங்கே எது தளர்ந்திருந்தாலும் இழுத்துக் கட்டாமல் அவர்களுக்குத் தூக்கம் வராது.

இதில் தேவராஜ் முதல் ஆள். நான் செயினைச் சரியாக வைத்து அனுப்புவேன். வீட்டுக்குப் போய் ஸ்பேனரை எடுத்துப் பின் சக்கரத்தைப் பின்னால் இழுத்து முறுக்கிவிடுவார். பெடல் மிதித்தால் வண்டி முனகும். மாதம் திரும்புவதற்குள் பின் சக்கரத்து பால்ரஸ் குண்டுகளெல்லாம் நொறுங்கி, அரைத்த மிளகு மாதிரி கொட்டும். "ஏங்க இப்படிப் பண்றீங்க?" என்று கேட்டதற்கு அவருக்கு வந்ததே கோபம்!

"இழுத்து சுண்டுனா டங்குன்னு பேசணும் மேஸ்திரி. பேசாம தொளதொளன்னு தொங்கினு இருந்தா, அது என்னா எழை?"

நர்ஸம்மா

அவர் பெயர் ரூத். யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ஊருக்கே நர்ஸம்மா. பிரசவம் பார்க்கிற அரசாங்க நர்ஸ். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்கள் அவர் பொறுப்பு. வெள்ளைப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கேரியரில் பையைக் கட்டிக்கொண்டு, சர்க்கார் கொடுத்த லேடீஸ் சைக்கிளில் போவார். பெல் அடிக்க மாட்டார், வாயால்தான் "வழி, வழி" என்பார்.

ஒரு நாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு என் கடைக்கு வந்தார். வண்டிக்கு முழுச் செயின் கவர். உள்ளே செயின் கழன்று சுருண்டு கிடந்தது. நான் கவரைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தார். முந்தின நாள் காலை ஆற்றுக்கு அப்பால் ஒரு வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டிருக்கிறது. கஸ்தூரி என்று ஒரு பெண், தலைப்பிரசவம். போகிற வழியில் செயின் கழன்றுவிட்டது. முழுக் கவர் என்பதால் திருகாணியெல்லாம் பிரிக்காமல் மாட்டவும் வழியில்லை. வண்டியை ஒரு மரத்தடியில் போட்டுவிட்டு, பையோடு ஓடியிருக்கிறார். போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்து, மூச்சு வராமலே போயிருந்தது. தாய் மட்டும் பிழைத்தாள்.

சொல்லி முடித்தார். எனக்குத் திருகாணி பிடிபடவில்லை. அவர் அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

"அந்தக் கொழந்தைக்கு வாய வெச்சி ஊதியிருந்தா மூச்சு வந்திருக்கும். எனக்குத் தெரியும். கஸ்தூரி மறுபடியும் உண்டாவா மேஸ்திரி. அந்த வூட்டுக்கு இன்னொரு வாட்டி நான் லேட்டா போக மாட்டேன்."

பாயின் கட்சி

அன்று நர்ஸம்மாவுக்கு வாக்குக் கொடுத்தேன், இனிமேல் இந்த வண்டியில் செயின் கழலாது என்று. முழுக் கவரைக் கழற்றி எறிந்துவிட்டு, புடவை மாட்டாமல் இருக்க மேலே மட்டும் மூடுகிற அரைக் கவர் வைத்தேன். புதுச் செயின் போட்டேன். பல்சக்கரம் லேசாகக் கோணியிருந்ததைத் தட்டி நேராக்கினேன். வண்டியைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றினால் செயின் ஒரே கோட்டில் ஓடியது. பார்க்கவே ஆசையாக இருந்தது.

மஸ்தான் பாய் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார். பல்சக்கரத்துக்கு மேலே ஒரு வளைந்த கம்பி வைத்துவிடலாம், தன்னிடம் நல்ல கம்பி இருக்கிறது என்றார். நான் விடுவேனா? "ஒண்டிப் பல்சக்கரத்துக்குப் போயி காவலா பாய்? கம்பி வெச்சா, மாட்டினவனுக்குத் தொழில் தெரியலன்னு போர்டு எழுதி மாட்டின மாதிரி" என்றேன்.

"உன்னோட பெரிய பேஜாராகீதுப்பா. கம்பி வெச்சா செயின கம்பி புடிக்கும். கம்பி இல்லாங்காட்டி எது புடிக்கும்? உன் வாயா?"

நான் ஓட்டினால் கழலாது

கழன்றது. ஒரு வாரம் ஒன்றும் இல்லை, அப்புறம் கழன்றது. சரிசெய்து அனுப்பினேன். பத்து நாள் நன்றாக ஓடி, மறுபடியும் கழன்றது. இப்படியே நாலைந்து மாதம் போயிற்று. ஒவ்வொரு தடவையும் காலை நேரத்தில், வீட்டிலிருந்து கிளம்பிக் கொஞ்ச தூரம் வந்ததும்தான். நல்ல வேளையாக அப்போதெல்லாம் அவசர அழைப்பு எதுவும் இல்லை.

என் ரோஷம் தாங்கவில்லை. அந்த லேடீஸ் சைக்கிளை நானே எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பஜாரில் சிரித்தார்கள், சிரிக்கட்டும். கண்ணமங்கலம் ரோட்டில் பஸ்ஸுக்கு ஒதுங்கிக் குழியில் இறக்கினேன். ஆற்று மணலில் தள்ளினேன். வண்டித் தடத்தில் குதிக்கக் குதிக்க ஓட்டினேன். செயின் அசையவே இல்லை. திரும்பி வந்து நர்ஸம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பில்லை. கஸ்தூரி மறுபடியும் உண்டாகியிருக்கிறாள் என்ற செய்தியோடு வந்திருந்தார்.

"நீங்க ஓட்டுனா கழல மாட்டேங்குது, நான் ஓட்டுனா கழலுது. சரி, வலி எடுத்தா உங்களையே அனுப்பறேன், போயி பிரசவம் பாத்துட்டு வாங்க."

கயிறு

மறுநாள் விடிந்ததும் அவர் வீட்டுக்கே போனேன். பட்டு நெய்கிற தெருவைத் தாண்டி ஒரு சந்துக்குள் வீடு. சந்தின் அந்தக் கோடியில் குளம். ஆக, வெளியே வர அந்தத் தெரு ஒன்றுதான் வழி. போய்ப் பார்த்தால் தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். உங்களில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு காட்சி. ஒரு புடவைக்கு நீளவாக்கில் ஓட வேண்டிய பட்டிழைகள் முழுவதையும் தெரு நெடுக விரித்துக் கட்டியிருப்பார்கள். இரண்டு பக்கமும் ஆணும் பெண்ணும் நின்று, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிந்துகொண்டு வருவார்கள். அன்று அரக்குச் சிவப்பு. இளவெயிலில் தெருவே பளபளத்தது. பாவின் முனையை இழுத்துப் பிடிக்கிற கயிறு, சந்தின் வாயை மறித்தபடி போய், எதிர்ப்புறம் அடித்திருந்த முளையில் முடிந்தது.

நர்ஸம்மா சந்துக்குள்ளிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கயிறு இடுப்பளவு உயரம். அதில் பட்டால் பாவு அதிரும், இழை அறும், தெருவே சண்டைக்கு வரும். அந்தத் தெருவில் கலெக்டரே வந்தாலும் கயிற்றுக்கு முன்னால் இறங்கித்தான் ஆக வேண்டும். ஆண்கள் சைக்கிளில் நடுவில் பார் இருக்கிறது, தோளில் மாட்டிக்கொண்டு தாண்டிவிடலாம். லேடீஸ் சைக்கிளில் அது ஏது? நர்ஸம்மா ஒரு கையால் சீட்டையும் ஒரு கையால் ஹாண்டில்பாரையும் பிடித்து, வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்துத் தூக்கினார். தூக்கும்போது பெடல் அவர் முழங்காலில் இடித்துப் பின்பக்கமாகச் சுற்றியது. செயின் தொய்ந்து, பல்லைவிட்டு விலகி, ஓரத்தில் ஏறி நின்றுகொண்டது. விழவில்லை, நின்றுகொண்டது. அவர் வண்டியை இறக்கி, ஏறி மிதித்து, தெருமுனையில் திரும்பினார். அங்கே விழுந்தது.

எனக்கு ஒரே நேரத்தில் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. இத்தனை நாளாக ரோட்டில் தேடிய கோளாறு கயிற்றடியில் கிடந்திருக்கிறது. பாவு நீட்டாத நாளில் கழலாது, நீட்டிய நாளில் கழலும். இறுக்கினால் போகுமா என்றால், தேவராஜ் வண்டி கதிதான். நேராக பாயிடம் போய், கம்பி வேண்டும் என்றேன். ஏன், என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை மனிதர். குடைக் கைப்பிடி மாதிரி வளைத்து, பல்சக்கரத்துக்கு மேலே செயின் இரண்டு பக்கமும் தாண்ட முடியாதபடி வைத்து, பட்டை போட்டு முறுக்கினார். பிறகு வண்டியைச் சாய்த்து, தூக்கி, பெடலைப் பின்னால் சுற்றி, ஆட்டி, உலுக்கிப் பார்த்தோம். செயின் இருந்த இடத்திலேயே இருந்தது.

"செயினுக்கு ஒண்ணு வெச்சிட்டேன். உன் வாய்க்கும் ஒண்ணு ஜல்தியா வளைச்சிக் குடுத்துடவா?"

வெளியூர்க்காரன் பட்டம்

அப்புறம் ஒரே கூட்டம். அந்தத் தெருக்காரர்கள், அடுத்த தெருக்காரர்கள், எல்லோருக்கும் காவல் வேண்டும். கை கறுப்பாகாமல் தறிக்கு உட்காரலாம் என்றால் யார் விடுவார்கள்? தேவராஜ் தன் வண்டிக் காவலில் செயின் உரசிச் சத்தம் வருகிறது என்று கம்பியைச் சுற்றிக் கழிவுப் பட்டு நூலைச் சுற்றிக்கொண்டார். ஆரணியில் சைக்கிளுக்குக்கூடப் பட்டு கட்டினார்கள் என்றால் யாராவது நம்புவார்களா?

ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிற ஒருவர் வந்தார். அவர் இருந்தது பஸ் ஸ்டாண்டு பக்கம். அங்கே யாரும் பாவு நீட்டுவதில்லை. வண்டியைச் சுற்றிப் பார்த்தேன், குறை ஒன்றுமில்லை. "உங்களுக்கு எதுக்குங்க இது?" என்றேன்.

"எனக்கு வேணாம்தான். ஆனா இது இல்லாம போனா, எங்க போனாலும் 'சாருக்கு பெரணமல்லூரா, கண்ணமங்கலமா'ன்னு கேக்கறாங்க மேஸ்திரி!"

மழை விட்ட காலை

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. மழையில் பாவு நீட்ட முடியாது. தெருவில் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். ஒரு காலை பளிச்சென்று வெயில் அடித்ததும், தேங்கிப்போன பாவெல்லாம் ஒரே நாளில் தெருவுக்கு வந்துவிட்டது. சிவப்பு, பச்சை, மாம்பழ மஞ்சள், ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக. எத்தனை பாவோ அத்தனை கயிறு.

அன்றைக்குத்தான் கஸ்தூரிக்கு வலி எடுத்தது. நான் கடையைத் திறந்து கூட்டிக்கொண்டிருந்தேன். "வழி, வழி" என்ற குரல். நர்ஸம்மா நிற்காமல் கடையைத் தாண்டிப் போனார். பாயும் நானும் ஒரே நேரத்தில் பல்சக்கரத்தைத்தான் பார்த்தோம். அத்தனை கயிற்றையும் தாண்டி வந்திருக்கிறார், செயின் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

அன்று எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஒட்டிய பஞ்சரையே மறுபடி ஒட்டினேன். ஆற்றில் தண்ணீர் வருகிறது என்று ஒருவர் சொன்னார், ரோடெல்லாம் சேறு என்று இன்னொருவர் சொன்னார். பாய் வெல்டிங்கை நிறுத்திவிட்டு என் ஸ்டூலில் வந்து உட்கார்ந்துவிட்டார். டீ வாங்கி வைத்துக்கொண்டு இருவருமே குடிக்கவில்லை. பயந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். இரும்பை நம்பலாம், ஆனால் நான் கொடுத்த வாக்கை நம்பித்தானே அந்த அம்மாள் போயிருக்கிறார்.

வெயில் உச்சிக்கு வந்தபோது வந்தார், வண்டியைத் தள்ளிக்கொண்டு. இடுப்புவரை சேறு. பின் டயரில் காற்று இல்லை, வெறும் விளிம்பில் ஓட்டியதில் அது நெளிந்து போயிருந்தது. ஒரு பெடலில் கட்டையே இல்லை, நடுத்தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. பின் மட்கார்டைக் கட்டுத்துணியால் கேரியரோடு சேர்த்துக் கட்டியிருந்தார். ஹாண்டில்பார் ஒரு பக்கம் பார்த்தது, சக்கரம் ஒரு பக்கம் பார்த்தது. பிரேக் எங்கே விழுந்தது என்று அவருக்கே தெரியவில்லை.  பாய்தான் கேட்டார், "இன்னாம்மா ஆச்சு?" என்று.

"பொண்ணு" என்றார் நர்ஸம்மா. முதலில் அழவில்லையாம். வாயில் ஊதி, உள்ளங்காலில் தட்டி, மறுபடி ஊதி, அப்புறம்தான் அழுததாம். கொஞ்சம் பிந்திப் போயிருந்தாலும் பிள்ளை தங்கியிருக்காது என்றார். பாய் இரண்டு கைகளையும் ஏந்தி மேலே பார்த்தார். எனக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆறிப்போன டீயை எடுத்து நர்ஸம்மாவிடம் நீட்டினேன். அதையும் வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு, சேற்றுக் காலாலேயே பல்சக்கரத்தைத் தொட்டுக் காட்டினார்.

"கஸ்தூரி மாமியாரு ஊரையே கூட்டி, கொழந்தைய அழ வெச்சி கேட்டுக்கினு கீறாங்க, அவ்ளோ பெரிய வாயி அதுக்கு. செயின் கழலவே இல்ல மேஸ்திரி. மத்ததெல்லாம் கழண்டுடுச்சி, ஒக்காந்து மாட்டுங்க."

ஒற்றைப் பல்சக்கர வண்டிக்குச் செயின் காவல் தேவையா என்று இன்றைக்கு யார் வந்து கேட்டாலும், வண்டியைச் சுற்றி வந்து குனிந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு "நீங்க எந்தத் தெரு?" என்று மட்டும்தான் கேட்கிறேன், ஏதோ பெரிய தொழில் நுணுக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.